ஆடியில் பிரிக்காத பெட்டி

ஆடி மாதத்தில் வாங்கியதை ஆடியிலேயே பிரித்துவிடுங்கள். கடையிலேயே, கடைக்காரர் கண்ணெதிரிலேயே பிரியுங்கள். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று ஐப்பசி வரை காத்திருந்தேன். ஆறவில்லை.

நான் மோகனூரில் இருக்கிறேன். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த மழை எந்தக் கிழமை பெய்தது, ஆற்றில் தண்ணீர் எந்த வாரம் வந்தது என்று குறித்து வைப்பது என் பழக்கம். அதனால் இதில் வரும் நாட்களைப் பற்றி யாரும் என்னோடு தகராறு செய்ய வேண்டியதில்லை. பேச்சுகளும் பெரும்பாலும் அப்படியேதான். கோபத்தில் கேட்ட பேச்சு எனக்கு மறப்பதில்லை.

என் தம்பி லாரி டிரைவர். நாமக்கல்லில் குடியிருக்கிறான். அந்த ஊரில் லாரி டிரைவர் என்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வீட்டுக்கு வீடு ஒருவர் லாரியிலோ, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையிலோ, டயர் கடையிலோதான் இருப்பார். போன வருடம் ஆடியில் இன்னொருவரோடு கூட்டுச் சேர்ந்து ஒரு வண்டி எடுத்தான். தை பிறந்து பொங்கல் கழிந்த வாரம் கேபினில் ஏதோ வேலை என்று வண்டியைப் பட்டறையில் விட்டவன், இரும்பு ராவும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்திருக்கிறான். வலது கண்ணில் தூள் விழுந்தது. குழாயில் கழுவிக்கொண்டு மறுநாளே முட்டை லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டான். லோடு இறக்கித் திரும்பி வந்தபோது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

கண்ணோடு லாரியும் போயிற்று. கனரக வண்டிக்கான உரிமத்தைப் புதுப்பிக்க முடியவில்லை. வண்டியில் இருந்த பங்கைக் கூட்டாளியிடமே விட்டுவிட்டு, கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்தான். அவன் மனைவி ஒரு கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கப் போகிறாள். அவள் வேலைக்குப் போன பிறகும் வந்த பிறகும் அவன் அதே நாற்காலியில் இருப்பான். இருபது வருடம் ராஜஸ்தான் வரைக்கும் அசாம் வரைக்கும் போய் வந்தவனுக்கு வாசல் தாண்டப் பிடிக்கவில்லை. தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் முதலில் அவன் கண்ணாடியைப் பார்க்கிறார்கள், அப்புறம்தான் பேசுகிறார்கள் என்று சொன்னான்.

பங்குனியில் அவனைச் செயற்கைக் கண் அளவெடுக்கச் சேலம் கூட்டிப்போனேன். ஃபேர்லேண்ட்ஸில் ஆஸ்பத்திரி. மதியம் வரை காத்திருக்கச் சொன்னார்கள். எதிர்க் கட்டடத்து மாடியில் ஸ்டீயரிங் படம் போட்ட பலகை ஒன்று இருந்தது. கீழே வெயில் தாங்காமல் மேலே போனோம். உள்ளே நாலைந்து இருக்கைகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் நிஜ ஸ்டீயரிங், நிஜப் பெடல்கள், பெரிய திரை. கல்லூரிப் பையன்கள் உட்கார்ந்து கார் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை விளையாட்டு என்றுதான் நான் நினைத்தேன். அந்த விளையாட்டு மையத்தை நடத்துகிறவர், முப்பது வயதிருக்கும், விளக்கினார்: இதில் டயர் தேயும், பெட்ரோல் குறையக் குறைய வண்டி லேசாகும், பிரேக்கை அதிகமாக மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுக்கும். எல்லாம் நிஜக் கார் போலவே.

தம்பி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முதல் சுற்றில் சுவரில் மோதினான். மூன்றாவது சுற்றில் பையன்கள் அவன் பின்னால் வந்து நின்றார்கள்.

“அண்ணே, லாரிங்களா?” என்றார் மையத்துக்காரர். “பிரேக் மிதிக்கிறதப் பாத்தாலே தெரியுது.”

“ஆமாங்க. இருவது வருசமா அறுவதத் தாண்டாத வண்டி. இது என்னமோ பிச்சுக்கிட்டு போகுதுங்க.”

படியிறங்கும்போது தம்பி என்னிடம் சொன்னான்: “ஏனுங்ண்ணா, கவனிச்சீங்களா? திரை தட்டையா இருக்குது. எது கிட்ட, எது தூரம்னு ரெண்டு கண்ணு இருக்கறவனுக்கும் அதுல தெரியாது. இதுல எல்லாத்துக்கும் ஒத்தக் கண்ணுதானுங்க.”

தைக்குப் பிறகு அவன் சேர்ந்தாற்போல் அத்தனை வார்த்தை பேசி நான் கேட்டது அன்றுதான்.

வைகாசியில் மையத்துக்காரரே போன் செய்தார். அவரும் நண்பர்களும் இணையம் வழியாக ஒரு பந்தயத் தொடர் நடத்துகிறார்கள். ஆவணியில் தொடங்கித் தை வரை. அவரவர் வீட்டிலிருந்து ஓட்டலாம். அவருடைய அணியில் நாலு பேர், ஓர் இடம் காலி. ஆவணி முதல் ஞாயிறு அந்த இடத்துக்குப் போட்டி வைத்து நேரம் கணக்கிடுவார்கள். குறைந்த நேரத்தில் சுற்றி முடிப்பவருக்கு இடம். ஞாயிற்றுக்கிழமை மையத்தில் கூட்டம் என்பதால் அங்கே இருக்கை கிடைக்காது. பழைய ஸ்டீயரிங்கும் பெடலும் அவரே தருவதாகச் சொன்னார். கம்ப்யூட்டர் நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

“நாப்பது வயசுக்கு மேல வெளையாட்டுக்கு கம்ப்யூட்டராமா?” என்று தம்பியின் பழைய கூட்டாளி டீக்கடையில் வைத்துக் கேட்டார். “கண்ணு தெரியாதவனுக்கு கார் ரேசு. இனி நொண்டிக்கு ஓட்டப் பந்தயம் வெச்சுருவோமா?” சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். நான் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஆனி முழுவதும் நான் படித்தேன். வேறு எதற்கும் பயன்படாவிட்டாலும் படிப்பது எனக்கு வரும். அந்த ஒரு மாதத்தில் என் இரத்த அழுத்தம் ஏறியதற்கு இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள்தான் காரணம். “குறைந்த விலைப் பந்தயக் கம்ப்யூட்டர்” என்று தலைப்பிடுவார்கள். உள்ளே போனால் அந்தக் குறைந்த விலையில் எங்கள் ஊரில் பழைய மினி லாரி வாங்கிவிடலாம். சரியில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று சாதாரணமாக எழுதியிருப்பார்கள். திருப்பி வாங்கிக்கொள்ளும் கடைக்காரர் எந்த ஊரில் இருக்கிறார் என்று எழுதியிருக்கமாட்டார்கள்.

ஆனாலும் விஷயம் பிடிபட்டது. பந்தய விளையாட்டில் கம்ப்யூட்டரின் வேலை ஒவ்வொரு நொடியும் படம் வரைந்து தள்ளுவது. வரைவது கிராபிக்ஸ் கார்டு என்ற பாகம். லாரிக்கு எஞ்சின் மாதிரி. படம் ஒரு கணம் நின்றாலும் வளைவில் கார் எங்கே இருக்கிறது என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. பிரேக் பிந்திவிடும், வண்டி மண்ணில் இறங்கிவிடும். ஆகவே கையில் இருப்பதில் பெரும்பங்கைக் கார்டில் போட வேண்டும். மற்றதெல்லாம் சாதாரணமாக இருக்கலாம். வண்ண விளக்கு வேண்டாம், தண்ணீர் ஓடிக் குளிர வைக்கும் சாமான் வேண்டாம், மூன்று திரை வேண்டாம். தம்பி ஒரே ஒரு நிபந்தனை சொன்னான்: “புதுசா இருக்கோணுங்ண்ணா. பழச ரீட்ரேட் பண்ணுன டயர்ல ஓட்டி ஓட்டி வெறுத்துப் போச்சு.”

ஆடி பிறந்ததும் சேலத்தில் கடை கடையாக ஏறினோம். கடைசியில் ஒன்றில் எங்கள் கணக்குக்கு ஒத்துவந்தது. வாசலில் ஆடித் தள்ளுபடி என்று ஆள் உயரத்துக்குப் பலகை. முதலாளிக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். பேச்சில் குறையே சொல்ல முடியாது.

“பாருங்க சார், இந்தப் பொட்டி சைடு முழுக்க கண்ணாடி. உள்ள லைட்டு எரியறது ரோட்டுல இருந்தே தெரியும்” என்றார்.

“லைட்டு வேண்டாங்க” என்றான் தம்பி. “லைட்டு மாட்டுன வண்டி நெறையப் பாத்துட்டனுங்க. எஞ்சினச் சொல்லுங்க.”

முதலாளி சிரித்தார். நான் கேட்ட கார்டையே போட்டுத் தருவதாகச் சொன்னார். கண்ணாடி வைத்த பெட்டியைத் தவிர வேறு இருப்பு இல்லை, அதே விலைக்கே தருகிறேன் என்றார். பாகங்களைச் சேர்த்து மூடி வைத்திருந்த கம்ப்யூட்டரை ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டினார். நன்றாகத்தான் ஓடியது. பிறகு அட்டைப் பெட்டியில் வைத்துக் கடையின் பெயர் போட்ட டேப்பைச் சுற்றிலும் ஒட்டினார்கள்.

நான் பில்லைப் படித்தேன். கீழே பொடி எழுத்தில் இருந்தது: குறை இருந்தால் ஏழு நாளுக்குள் மாற்றித் தரப்படும், அதன் பிறகு கம்பெனிக்கு அனுப்பி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

“இன்னைக்கு ஆடிப்பெருக்கு முடிஞ்சு அடுத்த வாரம்” என்றேன். “எங்க வீட்டில ஆவணியிலதான் பிரிப்பாங்க. ஏழு நாள் கடந்துருமே?”

இந்தப் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆடியில் புதிதாக எதையும் தொடங்கமாட்டோம். ஆனால் தள்ளுபடி ஆடியில்தான் கிடைக்கும். ஆகவே ஆடியில் வாங்கி, பிரிக்காமல் வைத்திருந்து, ஆவணி முதல் முகூர்த்தத்தில் பிரிப்போம். குளிர்சாதனப் பெட்டி, தையல் மெஷின், டிவி எல்லாம் அப்படித்தான். ஆடிப்பெருக்கன்று மட்டும் விதிவிலக்கு. எங்கள் பெட்டி பெருக்கைத் தவறவிட்டுவிட்டது.

முதலாளி கையைப் பலமாக ஆட்டினார். “அட, சார்! ஆடியில வாங்கறவங்க அத்தன பேரும் ஆவணியிலதான் பிரிக்கறாங்க. நானும் இந்த ஊருதான், எனக்குத் தெரியாதுங்களா? அது கம்பெனிக்காரன் அடிக்கச் சொன்ன பில்லு. நீங்க பிரிக்கிற அன்னிக்கு எனக்கு ஒரு போன் போடுங்க. அன்னிலருந்து ஏழு நாள். போதுங்களா?”

“அத பில்லில எழுதித் தர்றீங்களா?”

அவர் பதில் சொல்லும் முன் தம்பி என் கையைத் தொட்டான். “சொல்லிட்டாருங்கல்ல அண்ணா. உடுங்க.” அவனுடைய தொழிலில் லட்சக்கணக்கில் பெறுமானமுள்ள லோடு வெறும் போன் பேச்சில் ஏறும், இறங்கும். புரோக்கர் வாய்ப்பேச்சை எழுதிக் கேட்கிறவனுக்கு மறுலோடு கிடைக்காது. அந்த வழக்கத்தில் வளர்ந்தவன் அவன். நானும் விட்டுவிட்டேன்.

பெட்டி நாமக்கல் வந்து பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்தது. தம்பியின் மனைவி அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். நான் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுப் பார்த்தேன். “அம்மிணி, பிரிச்சு ஓட்டி மட்டும் பார்த்துட்டு மறுபடி மூடி வைச்சுரலாமா?”

“போன ஆடியில வண்டி எடுத்தோமுங்க. தையில கண்ணு போச்சு” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்குதுங்க.”

மாத முடிவு வரை தம்பி மேசையில் ஸ்டீயரிங்கை மட்டும் மாட்டிக்கொண்டு, திரையில்லாமல், பாதையின் வளைவுகளை மனத்தில் ஓட்டிப் பழகினான். போகும்போதெல்லாம் பார்ப்பேன். இடது, இடது, வலது என்று முணுமுணுத்துக்கொண்டு காலை அழுத்துவான். கோழிப்பண்ணையிலிருந்து வரும் மனைவி, “எந்த ஊருக்குப் போயிட்டிருக்கீங்க?” என்பாள். “டோல்கேட் தாண்டியாச்சு, சோறு போடு” என்பான். அந்த வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று பிரித்தோம். எலுமிச்சம்பழம் நசுக்க டயர் இல்லையே என்று அவள் அதைப் பெட்டியின் நாலு பக்கமும் சுற்றித் தெருவில் போட்டாள். சொன்ன சொல்படி நான் கடைக்குப் போன் செய்தேன். முதலாளி எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன்.

முதல் மூன்று சுற்று அருமையாக ஓடியது. நான்காவது சுற்றில் படம் திக்கியது. கார் ஒரு இடத்தில் நின்று, அடுத்த கணம் வேறு இடத்தில் இருந்தது. ஐந்தாவது சுற்றில் பெட்டிக்குள்ளிருந்து ஊளை போலச் சத்தம். தம்பி நிறுத்தினான். ஆறவிட்டு மறுபடி ஓட்டினான். மறுபடியும் நாலாவது சுற்றில் அதேதான். அடுத்த நாளும் அதேதான். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “சூடு ஏறுனா மூச்சு வாங்குதுங்ண்ணா. இது புது எஞ்சின் இல்ல” என்றான்.

மூடியைக் கழற்றினோம். கண்ணாடி வழியாகப் பார்த்தால் கார்டின் முதுகுதான் தெரியும். விசிறி இருக்கும் பக்கம் தரையைப் பார்த்திருக்கும். அதை வெளியே எடுத்துத் திருப்பினோம். விசிறி பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தது. அதன் பின்னால் தகடுகளுக்கு இடையே கம்பளம் விரித்த மாதிரி தூசி. ஸ்க்ரூக்களின் தலை தேய்ந்திருந்தது. எங்கேயோ இரவு பகலாக ஓடி ஓய்ந்த கார்டு. கழுவித் துடைத்துப் புதியது என்று சொல்லி, கண்ணாடியும் விளக்கும் வைத்த பெட்டிக்குள் முகத்தைக் கீழே திருப்பி மாட்டியிருக்கிறார்கள்.

போட்டி நடக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் சில நாட்களே இருந்தன.

அடுத்த நாள் காலையில் பெட்டியையும் ஸ்டீயரிங்கையும் பெடலையும் கட்டிக்கொண்டு சேலம் பஸ் ஏறினோம். முதலாளி பில்லை வாங்கிப் பார்த்தார். “ஏழு நாள் தாண்டிருச்சுங்களே சார்.”

“பிரிக்கிற அன்னிலிருந்து ஏழு நாள்னு நீங்கதான் சொன்னீங்க. இதே இடத்தில நின்னு.”

“எழுதி இருக்குதுங்களா?”

என் வாழ்நாளில் எத்தனையோ எழுதி வைத்திருக்கிறேன். அந்த ஒரு வரியை எழுதி வாங்கவில்லை. அதைத்தான் அந்த மனிதர் சிரித்துக்கொண்டே என்னிடம் கேட்டார். கார்டின் தூசியைக் காட்டினேன். “உங்க ஊர்ல தூசி ஜாஸ்தி சார், பக்கத்துல கோழிப்பண்ணை வேற” என்றார். பெட்டி மூடியே இருந்தது என்றேன். “அப்ப வோல்டேஜா இருக்கும்” என்றார். குரலை உயர்த்தினேன். “நீங்க பெரியவங்க, டென்ஷன் ஆகக் கூடாது” என்று எனக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டினார். அந்தப் பாட்டிலை நான் வாங்கவில்லை.

தம்பி மட்டும் நிதானமாக இருந்தான். “இங்கயே ஓட்டிப் பாத்துரலாமுங்க” என்று கண்ணாடி மேசையின் விளிம்பில் ஸ்டீயரிங்கை இறுக்கினான். எங்கள் கம்ப்யூட்டரையே மேசை மேல் வைத்து ஓட்டினான். நாலாவது சுற்றில் திக்கியது. கடைக்கு வந்திருந்தவர்களில் ஒருவர், “டீசல்ல தண்ணி கலந்த மாதிரி இழுக்குதுங்களே” என்று சத்தமாகச் சொன்னார். சிரிப்பு எழுந்தது.

முதலாளிக்கு முகம் மாறியது. “கேம் ஹெவிங்க. எந்தக் கார்டும் இப்படித்தான்” என்றார்.

“அப்படிங்களா? அந்த ஷோகேஸ்ல இருக்குதே, அதுல போடுங்க பாக்கலாம்” என்றான் தம்பி.

பேச்சுக்குச் சொல்லிவிட்டு முதலாளி மாட்டிக்கொண்டார். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. கடையின் காட்சிக் கம்ப்யூட்டரில் ஸ்டீயரிங்கை இணைத்தார்கள். கார்டு எங்கள் பில்லில் இருந்த அதே கார்டுதான், ஆனால் நிஜமாகவே புதியது. தம்பி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தான். செயற்கைக் கண் அசையாது. மற்றக் கண் மட்டும் திரையில் ஓடியது. நாலாவது சுற்று, ஐந்தாவது, ஆறாவது. ஒரு திக்கல் இல்லை. மனத்தில் நாள் தவறாமல் ஓட்டிய பாதை அது. முடித்தபோது யாரோ கைதட்டினார்கள். முதலாளி போனில் வீடியோ பிடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, பின்னிட்டீங்க!” என்றார்.

“கார்டு?” என்றான் தம்பி.

“கம்பெனிக்கு அனுப்பறேன். ஒரு மாசம், ஒன்றரை மாசத்துல வந்துரும்.”

விளையாட்டில் தவறில்லை என்பதைத் தன் கடையில், தன் கம்ப்யூட்டரிலேயே காட்டிவிட்டு, கொஞ்சமும் கூசாமல் சொன்னார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தோம். பஸ் ராசிபுரம் தாண்டியதும் தம்பி கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

அன்று மாலை அவன் மனைவி பண்ணையில் வேலை முடித்து வந்தவள் கைப்பையைக்கூட இறக்காமல் போனை என்னிடம் நீட்டினாள். கூட வேலை செய்கிற பெண் காட்டினாளாம். கடைக்காரர் தன் கடையின் இணையப் பக்கத்தில் அந்தப் படத்தைப் போட்டிருந்தார். தம்பியின் முகம் திரை முழுவதும். அசையாத கண், கண்ணாடி இல்லாமல். மேலே எழுதியிருந்தது: ஒற்றைக் கண் ஹீரோ, எங்கள் கம்ப்யூட்டரில்! கீழே கடையின் முகவரியும், தள்ளுபடி தொடர்கிறது என்ற செய்தியும். ஏராளமானவர்கள் இதயம் போட்டிருந்தார்கள்.

எட்டு மாதமாகத் தெருவில் யாருக்கும் காட்டாத முகம் அது.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன், போலீசுக்குப் போவேன் என்று என்னென்னவோ கத்தினேன். தம்பியின் மனைவி அழவில்லை. “இன்னும் என்ன பாக்கி, அதையும் எடுத்துக்கச் சொல்லுங்க” என்றாள். தம்பி படத்தை முழுவதும் பார்த்தான். தன் முகத்தைப் பார்க்கவில்லை. திரையின் ஓரத்தில் தெரிந்த சுற்று நேரத்தைப் பார்த்தான். பிறகு கடைக்குப் போன் போட்டான். இந்த முறை முதலாளி முதல் மணியிலேயே எடுத்தார்.

“படம் பாத்தனுங்க” என்றான் தம்பி. “நல்லா வந்திருக்குது. அதுக்குக் கீழ நான் ஒண்ணு எழுதட்டுங்களா? ஓட்டுனது உங்க ஷோகேஸ் வண்டி, எனக்கு வித்தது வேறன்னு? ... இல்லீங்க, மெரட்டலீங்க. ஞாயித்துக்கிழமை நான் ஓட்டறதை நெறையப் பேரு நெட்ல பாப்பாங்க. எந்தக் கடை கம்ப்யூட்டர்னு கேப்பாங்க. நான் என்ன சொல்லட்டும்னு நீங்களே சொல்லுங்க.”

அந்தப் பக்கம் ஏதோ பேசினார்கள்.

“சரிங்க. புதுசு. டப்பா ஒடைக்காம. நாங்களே ஒடைச்சுக்கறோம்.” சற்றுக் கேட்டுவிட்டு, “படம் இருக்கட்டும்ங்க. எடுக்க வேண்டாம்” என்று சொல்லிப் போனை வைத்தான்.

நான் அவன்மேல் பாய்ந்தேன். “முதல்ல படத்தை எடுக்கச் சொல்லியிருக்கணும்டா! உன் மூஞ்சிய வெச்சு அவன் வியாபாரம் பண்றான்.”

“என்ற மூஞ்சிதானுங்கண்ணா. என்ன பண்ணோணும்னு எனக்குத் தெரியும். படத்த எடுத்துட்டா அப்பறம் அவன் எதுக்குங்க கார்டு தரான்?”



சனிக்கிழமை ஒருவர் பைக்கில் வந்து புதிய கார்டைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கிப்போனார். மன்னிப்பு என்ற வார்த்தை யார் வாயிலும் வரவில்லை. தூசி அடைத்த அந்தப் பழைய கார்டு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். துடைத்து, முகத்தைக் கீழே திருப்பி, இன்னொரு கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். அதை வாங்குகிறவர் மஞ்சள் குங்குமம் வைத்து ஒரு மாதம் பாதுகாப்பார். காட்டுவதற்கு அவரிடம் இப்படி ஒரு முகம் இருக்காது. சட்டப்படியோ நியாயப்படியோ எங்களுக்குக் கார்டு கிடைக்கவில்லை. என் தம்பி பறிகொடுத்த கண்ணுக்குக் கிடைத்த விளம்பரக் கூலி அது.

ஞாயிறு மாலை அவன் ஓட்டினான். வாசல் கதவு திறந்திருந்தது. கறுப்புக் கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. தெருவிலிருந்து நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள், பழைய கூட்டாளி உட்பட. அவன் திரும்பவில்லை. நாலாவது சுற்று வந்தது. படம் திக்கவில்லை. கடைசிச் சுற்றுக்கு முந்தியதில் அவன் நேரம் பட்டியலில் மேலே ஏறியது. கடைசிச் சுற்றில் ஒரு பொறியியல் மாணவனைவிட இமைப்பொழுது முன்னால் முடித்தான். மையத்துக்காரர் ஸ்பீக்கரில் கத்தினார்: “அண்ணே, சீட்டு உங்களுக்குத்தான்!”

“ஏப்பா, கடைசி வளைவுல கியரு எறக்குனியா, எறக்கலியா?” என்று கூட்டாளி கேட்டார். வேறெதுவும் அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை போலும்.

“நீ ஓட்டுற வண்டியில அந்த கியரே கெடையாது, உடு” என்றான் தம்பி.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது நான் மூலையில் உட்கார்ந்து, கடைக்காரர் போட்ட படத்தின் கீழே தட்டிக்கொண்டிருந்தேன். “ஆடியில் வாங்குகிறவர்கள் கடையிலேயே பிரித்து அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து வாங்கவும். கார்டைத் திருப்பிப் பார்க்கவும்.” ஊர், கடை, பெயர் எதுவும் போடவில்லை. போட்டு முடித்த சற்று நேரத்தில் அழித்துவிட்டார்கள். மறுபடி போட்டேன். மறுபடி அழித்தார்கள்.

தம்பியின் மனைவி எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். என் தோளுக்கு மேலாக எட்டிப் போனைப் பார்த்தாள். மஞ்சள் குங்குமம் வைத்துப் பெட்டியை மூடி வைத்திருந்தவள்.

“அழிச்சுட்டாங்களா?”

“அழிச்சுட்டாங்க, அம்மிணி.”

டீயை என் பக்கத்தில் வைத்தாள். “மறுபடியும் போடுங்க” என்றாள்.